மருந்தின் நான்காவது பகுதி

நோய்க்கு மருந்து எது என்று கேட்டால், மாத்திரையையும் குப்பியையும் சுட்டிக்காட்டுவது நம் வழக்கம். திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தை நிறைவு செய்யும்போது வேறு விதமாகக் கணக்கிடுகிறார். நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிலிருந்து அம்மருந்தை உரியவாறு கொடுத்துப் பேணுபவர் ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்ததே மருத்துவம் என்பது அவர் கருத்து.

இந்த நான்கில் முதல் மூன்றைப் பற்றி நாம் ஓயாமல் பேசுகிறோம். நோயாளிகளின் எண்ணிக்கை, மருத்துவர்களின் பற்றாக்குறை, மருந்தின் விலை ஆகியவை நாளிதழ்களில் நாள்தோறும் இடம்பெறுகின்றன. நான்காமவரைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். அவருக்குப் பட்டம் இல்லை. வாயிலில் பெயர்ப்பலகை இல்லை. பல வேளைகளில் ஊதியமும் இல்லை. ஆயினும் அவர் இல்லாவிட்டால் மற்ற மூன்றும் பயனற்றுப் போகின்றன.

இங்கு ஓர் அறக்கேள்வி எழுகிறது. நம் உறவினர் அல்லாத, நாம் அறியாத ஒருவர் நோயுற்றால், அவருக்கு நாம் கடமைப்பட்டிருப்பது எது? பொருளா? மருந்தா? அல்லது நம் அருகாமையா? மகாராஷ்டிர மாநிலத்துக் கிராமங்கள் சென்ற அரை நூற்றாண்டில் இக்கேள்விக்கு ஆழமான விடையொன்றைத் தந்துள்ளன. அது மும்பையில் வாழும் நமக்கும் பொருந்துவதாகும்.

வாயில்வரை வந்தவர்கள்

மருத்துவ வசதியைப் பொறுத்தவரை மும்பைவாசிகள் பேறு பெற்றவர்கள். தாராவியிலிருந்து சயான் மருத்துவமனை நடந்து செல்லும் தொலைவில் உள்ளது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழ்பவர்கள் பரேலில் உள்ள பெரிய மருத்துவமனைகளைக் குறைந்த நேரத்தில் அடைந்துவிடலாம். அதே பரேலில், 1941-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனையைச் சுற்றியுள்ள நடைபாதைகளில், தொலைதூரக் கிராமங்களிலிருந்து வந்த புற்றுநோயாளிகளும் அவர்களுடைய உறவினர்களும் துணி விரித்துத் தங்கியிருப்பதை அவ்வழியே செல்வோர் பல ஆண்டுகளாகக் கண்டு வருகின்றனர். தாதரில் காட்கே மகராஜின் பெயரில் இயங்கும் தர்மசாலை போன்றவை இவர்களில் பலருக்குத் தங்க இடம் அளிக்கின்றன. அங்கு உணவு வழங்கும் நல்ல உள்ளங்களும் உண்டு. இவை போற்றத்தக்க பணிகள்.

ஆனால் அந்த நடைபாதையில் நின்று நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உள்ளது. இவர் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தார்? நோய் ஊரிலேயே தொடங்கியது; பல மாதங்கள் அங்கேயே வளர்ந்தது. ஒரு நாள் கூலியை இழந்தால் மறுநாள் அடுப்பு எரியாது என்ற அச்சம் அவரைத் தடுத்தது. 'இது சாதாரணக் கட்டி அல்ல, உடனே காட்டு' என்று சொல்ல அருகில் ஒருவர் இல்லை. பெண்ணாக இருந்தால் வெளியே சொல்ல நாணம் வேறு.

இது வெறும் ஊகம் அன்று. கட்சிரோலி மாவட்டத்தின் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து, மருத்துவர் ராணி பங்கும் அவரைச் சார்ந்தோரும் 1989-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். நூற்றுக்கு 92 பெண்களுக்கு ஏதேனும் ஒரு மகளிர் நோய் இருந்தது. அதற்கு முன்பு அதற்கான மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டவர்களோ நூற்றுக்கு 8 பேர் மட்டுமே. மற்றவர்கள் அனைவரும் மௌனமாகத் துன்பத்தைச் சுமந்திருந்தனர். கட்டடம் எழுப்புவதால் மட்டும் இந்த மௌனம் உடையாது. நம்பிக்கைக்குரிய ஒருவர் அருகில் இருந்தால்தான் உடையும்.

ஜாம்கேட் கற்பித்த பாடம்

மருத்துவர்கள் ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதியர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்கள். பின்னர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் கற்றுத் திரும்பினர். பெருநகர வாழ்வை நாடாமல், 1970-ஆம் ஆண்டு, அன்று அகமதுநகர் என்று அழைக்கப்பட்ட மாவட்டத்தின் வறண்ட பகுதியான ஜாம்கேட்டில் தம் பணியைத் தொடங்கினர்.

அது கொடும் வறட்சிக் காலம். மருத்துவர்கள் மருந்தோடு வந்தனர். மக்கள் கேட்டதோ உணவும் நீரும். 'நாங்கள் மருத்துவர்கள், அது எங்கள் வேலை அல்ல' என்று அவர்கள் விலகவில்லை. குழந்தைகளுக்குச் சமையற்கூடங்கள் அமைந்தன. ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. தீண்டாமை நிலவிய ஊர்களில் கிணறு ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பில் அமையும்படி பார்த்துக்கொண்டனர். நீர் வேண்டுமென்றால் அனைவரும் அங்குதான் வந்தாக வேண்டும். உடல்நோய்க்கும் சமூக நோய்க்கும் சேர்த்தே மருந்து தேட வேண்டியிருந்தது.

அடுத்த தடை, கிராமங்களில் தங்கிப் பணியாற்றப் பயிற்சி பெற்ற செவிலியர் கிடைக்காதது. வெளியிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் ஊரோடு ஒன்ற முடியாமல் திரும்பினர். அப்போது பிறந்ததே அந்த எளிய முடிவு: அந்தந்த ஊர், தன்னிலிருந்தே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கட்டும். அவ்வாறு வந்தவர்களில் பலர் எழுத்தறியாதவர்கள். பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். வாரந்தோறும் ஜாம்கேட்டுக்கு வந்து கற்றனர். ஊருக்குத் திரும்பி, கற்றதைச் செய்தனர். கர்ப்பிணிகளைக் கவனித்தல், தூய்மையான முறையில் மகப்பேறு பார்த்தல், வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுத்தல், தொழுநோயையும் காசநோயையும் தொடக்கத்திலேயே இனங்காணுதல் ஆகியவை அவர்கள் கற்ற கல்வி.

பணி தொடங்கிய காலத்தில் அப்பகுதியில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு 176 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. 1990-களில் அந்த எண்ணிக்கை இருபதை ஒட்டிக் குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 1975-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றில் ஜாம்கேட் ஒரு முன்மாதிரியாக இடம்பெற்றது. 1978-இல் அல்மா ஆட்டாவில் கூடிய உலக மாநாடு, மக்களின் பங்கேற்போடு கூடிய ஆரம்ப சுகாதாரமே அனைவருக்கும் நலம் தரும் வழி என்று அறிவித்தது. ஆரோலே தம்பதியருக்கு 1979-இல் மகசேசே விருது வழங்கப்பட்டது.

கொடுப்பதில் இரு வகை

இங்குச் சற்று நின்று சிந்திப்போம். ஆரோலே தம்பதியர் கொடுத்தது என்ன? பணம் அன்று, அது அவர்களிடம் மிகுதியாக இல்லை. தம்மிடம் இருந்த அரிய உடைமையாகிய அறிவையே அவர்கள் பகிர்ந்தனர்.

பொருளைக் கொடுப்பதற்கும் அறிவைக் கொடுப்பதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. பொருள் கொடுத்தவர் கொடுத்த பின்னரும் மேலேயே நிற்கலாம். பெற்றவர் மறுநாளும் கை நீட்டி வருவார். கொடுப்பவரின் பெருமை குன்றாது. அறிவைக் கொடுத்தாலோ, பெற்றவர் நமக்கு நிகராக எழுந்து நிற்கிறார். நாளை அவர் நம்மைத் தேடி வரவேண்டிய தேவையே இல்லாமல் போகலாம். நம் மனத்தில் உறையும் 'நான் கொடுப்பவன்' என்ற செருக்கு இதைத்தான் அஞ்சுகிறது. அன்னதானத்துக்கு எளிதாகக் கை நீளும். கற்றதைப் பிறர் கையில் ஒப்படைக்கத் தயக்கம் வருகிறது. 'படிக்காதவர் கையில் மருத்துவமா?' என்று கேட்கத் தோன்றுகிறது.

அந்தக் கேள்வியில் நியாயமே இல்லையென்று சொல்ல முடியாது. தவறான கையில் மருந்து நஞ்சாகும். ஆகவே அதற்கு உணர்ச்சியால் விடை கூறாமல் சோதனையால் விடை கூறினர் மற்றொரு தம்பதியர்.

மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் ஆகியோரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பயின்றவர்களே. 1980-களின் நடுவில் மகாராஷ்டிரத்தின் கிழக்குக் கோடியில், காடுகள் சூழ்ந்த கட்சிரோலிக்குச் சென்றனர். பழங்குடி மக்கள் பெரிய மருத்துவமனைகளைக் கண்டு அஞ்சி ஒதுங்குவதைப் பார்த்தனர். 'உங்கள் மருத்துவமனை எப்படி இருக்க வேண்டும்?' என்று அவர்களிடமே கேட்டனர். அவர்களுடைய குடிசைகளைப் போன்ற கட்டடங்களுடன், உறவினரும் உடன் தங்கும்படி, அவர்கள் வணங்கும் தந்தேஸ்வரி அன்னையின் பெயரிலேயே மருத்துவமனை எழுந்தது.

பிறந்த சிசுக்கள் முதல் மாதத்திலேயே இறப்பது அங்குப் பெருந்துயராக இருந்தது. நோயுற்ற சிசுவை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது பல குடும்பங்களுக்கு இயலாத செயல். எனவே ஐந்து முதல் பத்தாம் வகுப்பு வரை படித்த கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. சிசுவின் எடையைப் பார்த்தல், வெப்பம் காத்தல், மூச்சுத் திணறலைச் சமாளித்தல் ஆகியவற்றைக் கற்றனர். கிருமித்தொற்று கண்டால் பெற்றோரின் இசைவுடன் ஊசி போடவும் கற்றனர். 39 கிராமங்களில் இம்முறை நடைமுறைக்கு வந்தது. 47 கிராமங்களோடு அது ஒப்பிடப்பட்டது. சிசு இறப்பு 62 விழுக்காடு குறைந்தது என்று 1999-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வெளியாயிற்று. 2005-இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தில் ஊர்தோறும் 'ஆஷா' பணியாளர்கள் அமர்த்தப்பட்டனர். வீடு தேடிச் சென்று சிசுவைப் பேணும் பணி 2011 முதல் அவர்களுடைய கடமைகளுள் ஒன்றாயிற்று.

நம்பிக்கை வைத்துக் கற்பித்தால், எளிய கைகளும் உயிர் காக்கும் கைகளாகின்றன. 'அவர்களுக்குத் தெரியாது' என்று சொல்லிக் கற்பிக்காமல் இருந்த காலமெல்லாம் அந்தச் சிசுக்கள் இறந்துகொண்டுதான் இருந்தன. அறிவைத் தம்மிடமே வைத்துக்கொண்டவர் எவரையும் அடிக்கவில்லை, எதையும் திருடவில்லை. ஆயினும் அந்த இழப்பில் அவருக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியுமா?

நகரத்திலும் அதே நியதி

இது கிராமத்துச் செய்தி, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். தாராவியில் வாழ்பவர்களில் பலர் தமிழகக் கிராமங்களையும் பிற மாநிலக் கிராமங்களையும் விட்டு வந்தவர்களே. ஊரில் இருந்தபோது அத்தையும் பாட்டியும் அண்டை வீட்டாரும் இருந்தனர். பிழைப்புக்காக வந்த நகரத்தில் மருத்துவமனை கிட்டியது, அருகிருந்தவர் எட்டிப்போனார். திருவள்ளுவர் எண்ணிய நான்கில் கிராமத்தில் இரண்டும் மூன்றும் குறைவு. நகரத்தில் நான்காவது குறைவு.

அந்தக் குறையை உணர்ந்தவர்கள் இங்கும் உண்டு. சயான் மருத்துவமனையில் சிசு மருத்துவராகப் பணியாற்றிய ஆர்மிடா பெர்னாண்டஸ் 1989-இல் அங்குத் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே அதுவே முதலாவது. குறைமாதத்தில் பிறந்து, தாய்ப்பால் போதாமல் வாடும் சிசுக்களுக்கு, அதே மருத்துவமனையில் மகப்பேறு பெற்ற பிற தாய்மார்கள் தம் பாலைத் தருகின்றனர். செல்வர்கள் பலர் கொடுக்க இயலாத ஒன்றை, குடிசையிலிருந்து வந்த தாய் கொடுக்கிறாள். அக்குழந்தை எந்த மதம், எந்த மொழி என்று அவள் அறிய மாட்டாள். ஏழை என்பவர் பெறுவதற்கு மட்டுமே உரியவர் என்ற எண்ணத்தை இந்த ஒரு செயல் தகர்த்துவிடுகிறது.

மருத்துவமனைக்குள் வந்த சிசுவைக் காப்பாற்றினால் போதாது, அது நோயுறும் இடத்துக்கே செல்ல வேண்டும் என்று கண்ட அவர், 1999-இல் 'ஸ்நேஹா' என்ற அமைப்பை உருவாக்கினார். தாராவி உள்ளிட்ட குடிசைப் பகுதிகளில் தாய் சேய் நலம், ஊட்டம், வீட்டு வன்முறைக்கு ஆளான பெண்களுக்குத் துணை ஆகிய பணிகளை அது செய்து வருகிறது.

டாட்டா நினைவு மருத்துவமனையும் மும்பைக் குடிசைப் பகுதிகளில் ஒரு நீண்ட ஆய்வை மேற்கொண்டது. பத்தாம் வகுப்பு வரை படித்த பெண்களுக்கு நான்கு வாரப் பயிற்சி அளித்து, நீர்த்த வினிகரைக் கொண்டு கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே இனங்காணச் செய்தனர். சோதனை செய்யப்பட்ட பெண்களிடையே அந்நோயால் ஏற்படும் இறப்பு 31 விழுக்காடு குறைந்தது என்று 2013-இல் அறிவிக்கப்பட்டது. ஒப்பீட்டுக்காகச் சோதனை இன்றி விடப்பட்ட பெண்களைக் குறித்து அறவியல் விவாதமும் எழுந்தது. அறிந்தும் கொடாமல் இருப்பது தகுமா என்பதே அந்த விவாதத்தின் சாரம். அந்தக் கேள்வி ஆய்வாளர்களுக்கு மட்டும் உரியது அன்று. அறிவு பெற்ற ஒவ்வொருவருக்கும் உரியது.

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தாராவியில் கொரோனா தொற்று முதன்முதலாக உறுதியானது. ஏறத்தாழ இரண்டரை சதுர கிலோமீட்டருக்குள் பல லட்சம் மக்கள் நெருங்கி வாழும் இடம். பெரும்பாலோர் பொதுக்கழிப்பிடத்தையே நம்பியிருப்பவர்கள். பேரழிவு நேரும் என்று பலரும் அஞ்சினர். மாநகராட்சி ஊழியர்களுடன் அப்பகுதியிலேயே மருத்துவம் பார்த்து வந்த தனியார் மருத்துவர்களும் சந்து சந்தாகச் சென்றனர். முகம் தெரிந்த மருத்துவர் வந்து நின்றபோது கதவுகள் திறந்தன. மறைக்கப்பட்ட காய்ச்சல் வெளியே சொல்லப்பட்டது. சமூக அமைப்புகளும் தன்னார்வலர்களும் உணவு வழங்கினர். அவ்வாண்டு ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியை ஓர் எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார். தாராவி இழப்பின்றித் தப்பவில்லை. பல குடும்பங்கள் உயிர்களையும் பிழைப்பையும் இழந்தன. ஆயினும் நோயைத் துரத்திப் பிடிக்க உதவிய பெரும் ஆற்றல், அருகாமையால் விளைந்த நம்பிக்கையே.

தொண்டு என்ற சொல்லின் ஆபத்து

இவ்வளவு சொன்ன பின், ஒரு பெரும் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். நான்காமவரைப் புகழ்ந்துவிட்டு அவருக்கு உரியதை மறுக்கும் ஆபத்து அது.

ஆஷா பணியாளர்கள் இந்தியா முழுவதும் ஏறத்தாழ பத்து லட்சம் பேர். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் அவர்களை விருதளித்துப் போற்றியது. ஆனால் அரசின் கணக்கில் அவர்கள் 'தன்னார்வலர்கள்'; பெறுவது சம்பளம் அன்று, ஊக்கத்தொகை. பெருந்தொற்றுக் காலத்தில் வீடு வீடாகச் சென்ற மகாராஷ்டிரத்தின் சுமார் 70,000 ஆஷா பணியாளர்கள் 2021 ஜூனில் உரிய ஊதியம் கேட்டு வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்தது. 'தொண்டு செய்பவர் கூலி கேட்கலாமா?' என்று அப்போது சிலர் முணுமுணுத்தனர்.

கேட்கலாம் என்பதே அறத்தின் விடை. தொண்டு என்பது ஒருவர் தம் விருப்பத்தால் தம்மிடமிருந்து கொடுப்பது. மற்றொருவரிடமிருந்து, அதுவும் ஏழைப் பெண்ணிடமிருந்து, உழைப்பைப் பெற்றுக்கொண்டு அதற்குத் தொண்டு என்று பெயர் சூட்டுவது, பெற்றவரின் சூழ்ச்சியே தவிரக் கொடுத்தவரின் தியாகம் ஆகாது. தியாகத்தை நமக்கு நாமே விதித்துக்கொள்ளலாம்; பிறர் தலையில் சுமத்தக் கூடாது.

இதே போன்ற மற்றொரு மயக்கமும் உண்டு. 'ஊர் மக்களே பார்த்துக்கொள்வார்கள்' என்று சொல்லி, மருத்துவரையும் மருந்தையும் தர வேண்டிய கடமையிலிருந்து அரசும் சமுதாயமும் நழுவுவது. ஜாம்கேட்டிலும் கட்சிரோலியிலும் கிராமப் பெண்ணுக்குப் பின்னால் ஒரு மருத்துவமனை உறுதியாக நின்றது. தன்னால் இயலாததை எங்கு அனுப்புவது என்று அவளுக்குத் தெரியும். அனுப்பினால் ஏற்றுக்கொள்வார்கள் என்ற உறுதியும் அவளுக்கு உண்டு. நான்காவது பகுதி மற்ற மூன்றுக்கும் மாற்று அன்று. நான்கும் இருந்தால்தான் அது மருந்து.

நாம் செய்யத்தக்கவை

இனி நம்மிடம் வருவோம். நாம் மருத்துவர் அல்லர். ஜாம்கேட்டுக்குச் செல்லவும் இயலாது. நான்காமவர் ஆவதற்கு அவை தடையல்ல.

ஊரிலிருந்து வந்த ஒருவர் பெரிய மருத்துவமனையில் எந்த வரிசையில் நிற்பது என்று அறியாமல் திகைக்கிறார். மராத்தியும் இந்தியும் அறிந்த தமிழர் ஒருவர் வாரத்தில் ஒரு காலைப் பொழுதை அவருடன் செலவிடலாம். மருத்துவர் சொன்னதை அவர் மொழியில் எடுத்துச் சொல்லலாம். காசநோய்க்குப் பொதுவாகக் குறைந்தது ஆறு மாதம் விடாமல் மருந்து உண்ண வேண்டும். இருமல் நின்றதும் பலர் நிறுத்திவிடுகின்றனர். நோய் பின்னர் மருந்துக்கு அடங்காததாகித் திரும்புகிறது. நாள்தோறும் 'மாத்திரை சாப்பிட்டாயா?' என்று கேட்கும் ஒரு குரல், மாத்திரைக்கு நிகரான மதிப்புடையது. ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலந்து, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். குழந்தை சோர்ந்தால் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் போதும். மற்றொரு தாய்க்குக் கற்பிக்க மேலும் பத்து நிமிடம்.

இந்தத் தேவை ஏழைகளுக்கு மட்டும் உரியது என்றும் கருத வேண்டாம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனித்து வாழும் முதியோர் எத்தனை பேர்! அவர்களிடம் மருத்துவக் காப்பீடு உண்டு. மருந்துப் பெட்டி நிறைய மருந்து உண்டு. நள்ளிரவில் கதவைத் தட்டினால் திறக்க ஒருவர் இல்லை. கோழிக்கோட்டில் 1993-இல் சிறு அளவில் தொடங்கிய வலிநீக்கப் பேணல் இயக்கம், அண்டை வீட்டாரையே பயிற்சி பெற்ற தொண்டர்களாக்கி, தீரா நோயாளிகளை அவரவர் வீட்டிலேயே கவனிக்கும் முறையைக் கேரளமெங்கும் பரப்பியது. வாரத்தில் சில மணி நேரம் தரக்கூடியவர்களைக் கொண்டே அது வளர்ந்தது. ஒரே கட்டடத்தில் வாழும் பத்துக் குடும்பங்கள் அதுபோல் கூடிச் செய்ய இயலாதா?

பிறர் நோயுற்ற காலத்தில் நாம் அனுப்பும் பணம் பயனுடையது. அதை நிறுத்த வேண்டாம். ஆனால் அதை அனுப்பியதோடு கடமை தீர்ந்தது என்று மனம் சொல்லும்போது, அந்த நால்வகைக் கணக்கை நினைவில் கொள்வோம். பணத்தால் மருத்துவரை அமர்த்தலாம்; மருந்தை வாங்கலாம். அருகில் சென்று அமர்வதற்கு நாமே எழுந்து செல்ல வேண்டும்.